வாய்க்காலை மூடிட்டு குளத்துக்கு லைட் போடாதீங்க: கோவை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயமுத்தூர் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பொறுப்பா இருக்கற அதிகாரிங்களுக்கும், எங்க ஓட்டுல ஜெயிச்சு பதவில இருக்கற எல்லாத்துக்கும்,

செல்வபுரத்துல எங்க வீதிக்கு பின்னாடி ஒரு வாய்க்கால் போகுதுங்க. போன மாசம் ஜேசிபி வந்து ரெண்டு பக்க மண் கரையையும் இடிச்சு, கம்பி கட்டி, கான்கிரீட் சுவர் எழுப்பி, இப்ப மேல ஸ்லாப் போட்டு மூட ஆரம்பிச்சாச்சு. வேலை பாக்கற ஆளுங்களை கேட்டா சூப்பர்வைசரை கேளுங்கங்கறாங்க, சூப்பர்வைசரை கேட்டா "மழைநீர் வடிகால் வேலைங்க, மூடிட்டா மேல வண்டி நிறுத்திக்கலாம், கொசுத் தொல்லை இருக்காது, உங்களுக்கு நல்லதுதானே"ங்கறாரு. என்ன திட்டம், எந்த ஆபீஸ் உத்தரவு, எவ்வளவு பணம்னு ஒரு போர்டு கூட வைக்கல. அந்த வீதில இருக்கற ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காம விட்டதாலதான் இதை எல்லாரும் பாக்கற மாதிரி எழுத வேண்டியதாப்போச்சு.

அது மழைநீர் வடிகால் இல்லீங்க. நொய்யல்ல இருந்து குளத்துக்கு தண்ணி கொண்டு போற வாய்க்காலோட ஒரு கிளை. வெள்ளிங்கிரி மலைப்பக்கம் பெய்யற மழைதான் நொய்யல். அந்த ஆத்துல வழி நெடுக அணைக்கட்டு கட்டி, ஒவ்வொரு அணைக்கட்டுல இருந்தும் வாய்க்கால் வெட்டி, இந்த ஊருக்கே ஒரு தண்ணி ஏற்பாட்டை பெரியவங்க செஞ்சு வெச்சிருக்காங்க. சித்திரைச்சாவடி அணைக்கட்டுல இருந்து வர்ற தண்ணி நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம்னு ஒண்ணு நிறைஞ்சு ஒண்ணுக்கு போகும். கோயமுத்தூர் அணைக்கட்டு தண்ணி செல்வசிந்தாமணி குளத்துக்கும் உக்கடம் பெரியகுளத்துக்கும் வரும், அங்க நிறைஞ்சா வாலாங்குளம். குறிச்சிக்கும் சிங்காநல்லூருக்கும் தனித்தனி அணைக்கட்டு. கடைசில மீந்த தண்ணி திரும்ப ஆத்துக்கே போயிரும். மலை மறைவுல இருக்கற ஊரு இது, வருஷத்துக்கு ஏறக்குறைய 650, 700 மில்லிமீட்டர் மழைதான். அத்தனை கம்மி மழைல இம்புட்டு பெரிய ஊரு பிழைச்சு நின்னதுக்கு காரணம் இந்த வாய்க்கால்களும் குளங்களும்தான். இன்ஜினியர் படிச்சு வந்த உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனா எங்க வீதில நடக்கற வேலையை பாத்தா இதை சொல்லியே ஆகோணும்னு தோணுது.

நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன். எங்கப்பாவுக்கு நகைப்பட்டறை வேலை, இடையர் வீதிக்கு தினமும் சைக்கிள்ல போவாரு. எண்பதுகள்ல செல்வபுரத்தை தாண்டி பேரூர் ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் நெல்லு வயலு, வாழை, தென்னந்தோப்பு, நடுவால ரோடு. இன்னைக்கு பர்னிச்சர் கடையும் கல்யாண மண்டபமுமா இருக்கற இடத்துல நாத்து நட்டுட்டு இருப்பாங்க, நாங்க ஸ்கூல் விட்டு வர்றப்ப வரப்புல செருப்பை கைல எடுத்துட்டு நடப்போம். எங்க அம்மாயி வீடு பேரூர் பக்கம். சனிக்கிழமை ஆனா அங்க ஓடிருவேன், அரிசிம்பருப்பு சாதம் செஞ்சு வெச்சிருப்பாங்க, அதை தின்னுட்டு ஆத்துல போய் விழுந்தா பொழுதோடதான் வீடு. ஆடிப்பதினெட்டுக்கு பேரூர் படித்துறைல நிக்க இடம் இருக்காது, மணல்ல கன்னிமார் கல்லு வெச்சு பூஜை பண்ணுவாங்க, கருகமணி, காதோலை எல்லாம் வெச்சு. அப்ப ஆத்துல தண்ணி ஓடும். குடும்பம் குடும்பமா கட்டுச்சோறு கொண்டாந்து அங்கயே உக்காந்து சாப்பிட்டு போவாங்க. இப்பவும் ஆடிப்பதினெட்டுக்கு கூட்டம் வருது, பல வருஷம் தண்ணிதான் வர்றதில்லை.

மலைல மழை புடிச்சா ஊருக்குள்ள சேதி முன்னாடியே வந்துரும். "சித்திரைச்சாவடி தாண்டிருச்சாமா"னு பால்காரரு சொல்வாரு, பேரூர்ல இருந்து வர்ற பஸ் கண்டக்டர் சொல்வாரு. அன்னைக்கு சாயங்காலம் எங்க வீதி பொடிசுங்க அத்தனையும் வாய்க்கால் ஓரமா நிக்கும். மொதல்ல காஞ்ச இலையும் குச்சியும் நுரையுமா ஒரு கோடு மாதிரி வரும், அதுக்கு பின்னாலயே செந்தண்ணி. அந்த வாசம் இன்னும் மூக்குல இருக்குதுங்க. பெரியவங்க வீட்டுக்குள்ள இருந்து வந்து பாத்துட்டு போவாங்க, சில பேரு கையெடுத்து கும்பிடுவாங்க. மடை திறந்து விடறதுக்குன்னே ஒரு பெரியவரு இருந்தாரு, தோள்ல மம்பட்டி, அவர் சொன்னாத்தான் எந்த வயலுக்கு எந்நேரம் தண்ணினு. வாய்க்கால்ல குப்பை போட்டா அந்த வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவாரு, ஒருத்தரும் எதிர்த்து பேசினதில்லை.

குளம் நிறைஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல எங்க வீட்டு கிணத்துல தண்ணி மேல ஏறி வந்துரும், வாளியை நாலு முழம் கயிறு விட்டா போதும். சிறுவாணி தண்ணி குடிக்கறதுக்கு, மத்த எல்லாத்துக்கும் கிணத்து தண்ணி. அப்படித்தான் எங்க வீதியே இருந்துச்சு. பின்னாடி கிணறு வத்துச்சு, போர் போட்டோம், அது வத்துச்சு, இன்னும் ஆழமா போட்டோம். இப்ப எங்க பக்கம் போர் போடற வண்டிக்காரங்க ஆயிரம் அடிங்கறதை சாதாரணமா சொல்றாங்க. ஆயிரம் அடிக்கு பணம் கட்டற குடும்பங்களுக்கு வாய்க்கால்னா என்னனு தெரியும், கொசுவுக்காக அதை மூடுங்கனு எங்க வீதில யாரும் மனு குடுக்கல.

ஞாயித்துக்கிழமை காலைல அப்பா என்னை சைக்கிள் முன் பார்ல உக்கார வெச்சு உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போவாரு. போற வழில பெரியகுளத்து கரைல நிறுத்தி சித்த நேரம் பாப்போம். பரிசல்ல வலை போடுவாங்க, ஜிலேபியும் கெளுத்தியும் துள்ளத் துள்ள கொண்டாந்து கரைலயே விப்பாங்க. நீர்க்காகம் எறகை விரிச்சுட்டு மொட்டை மரத்துல உக்காந்திருக்கும், கூழைக்கடா கூட்டமா மிதக்கும், தாழைக்கோழி நீலமா கோரைக்குள்ள நடந்து போகும். அப்பா எங்களுக்கு பேரு சொல்லி சொல்லி காட்டுவாரு. பட்டறைல நாள் பூரா தலை குனிஞ்சு ஊதுகுழல் ஊதற மனுசன், கண்ணுக்கு தூரமா பாக்க ஒரு இடம் வேணும்னு அங்க நிப்பாருன்னு எனக்கு பெரியவன் ஆன பொறவுதான் புரிஞ்சுது. பட்டறை வீதிங்கள்ல சாக்கடை மண்ணை கூட அள்ளிட்டு போய் அலசி தங்கத்துகள் எடுத்து பிழைக்கறவங்க இருக்காங்க, அதை நீங்களும் பாத்திருப்பீங்க. அந்த மண்ணையே வீணாக்காத ஊருல தண்ணி வர்ற வழியை இப்படி அலட்சியமா மூடறதை பாக்கறப்ப வயிறு எரியுது.

ஊரு மாறவே கூடாதுன்னு நான் சொல்ல வரலீங்க. சின்ன வயசுல காலைல எங்களை எழுப்புனது மில்லு சங்குதான், எந்த மில்லு சங்கு எத்தனை மணிக்குனு எங்கம்மாவுக்கு மனப்பாடம், அதை கேட்டு அடுப்பு பத்த வெப்பாங்க. 1888ல ஸ்டேன்ஸ் மில்லுல ஆரம்பிச்சு, 1930கள்ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்த பொறவு வரிசையா எழும்புன மில்லுங்க அதெல்லாம். இன்னைக்கு பாதி இடத்துல அபார்ட்மென்ட்டும் மாலும் நிக்குது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல கட்டுன வெரைட்டி ஹால், பின்னாடி டிலைட்னு பேர் மாறின தியேட்டரு, அதுல இப்ப படம் ஓடறதில்லை. வ.உ.சி. பார்க் மிருகக்காட்சி சாலைக்கு 2022ல லைசென்ஸ் போச்சு, அங்க குட்டி ரயில்ல போன பசங்க எல்லாம் இப்ப அப்பா அம்மா ஆயாச்சு. 2010 செம்மொழி மாநாட்டுக்கு ரோடு அகலப்படுத்துனப்ப அவினாசி ரோட்டு மரங்க போச்சு, அதுக்கு நாங்க வருத்தப்பட்டோம், இன்னும் அந்த ரோட்டுல மே மாசம் வண்டில போறப்ப வருத்தப்படறோம். 2011ல ஊரோட எல்லை 105 சதுர கிலோமீட்டர்ல இருந்து 257 சதுர கிலோமீட்டரா ஆச்சு. உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024ல திறந்தீங்க, அதுக்கு முன்னாடி அந்த வழில சாயங்காலம் மாட்டுனா எப்ப வீடு சேருவோம்னு தெரியாது, இப்ப நல்லா போறோம், அதுக்கு நன்றி சொல்ல எனக்கு கூச்சமே இல்லை. வ.உ.சி. செக்கிழுத்த ஜெயில் மைதானத்துல செம்மொழிப் பூங்கா வந்திருக்கு, பேரப்பசங்களை கூட்டிட்டு போறாங்க, சந்தோசம். மில்லு போனா வேற தொழில் வரும், தியேட்டர் போனா வேற தியேட்டர் வரும். வாய்க்கால் போனா வேற வாய்க்கால் வராதுங்க, அந்த மட்டம் அந்த சரிவு மண்ணோட சேர்ந்தது, ஒரு தடவை மேல கட்டடம் ஏறிருச்சுன்னா இடிச்சு திரும்ப எடுக்க உங்களாலயும் முடியாது எங்களாலயும் முடியாது.

இனி குளங்களுக்கு வர்றேன். ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணினு வரிசையா கரையை பலப்படுத்தி, நடைபாதை போட்டு, லைட் போட்டு, உக்கார பெஞ்ச் போட்டு செஞ்சீங்க. அதுல நல்லது இல்லைனு சொன்னா அது பொய். முன்னாடி அந்த கரைல பொம்பளைங்க தனியா நடக்க முடியாது, கட்டட இடிபாட்டை லாரில கொண்டாந்து கொட்டிட்டு போவாங்க. இப்ப எங்க வீட்டம்மா தினமும் சாயங்காலம் போய் நடக்கறாங்க, பக்கத்து வீட்டு பாட்டி கூட போறாங்க, குழந்தைங்க சைக்கிள் ஓட்டுது. இதெல்லாம் இந்த ஊரு மக்களுக்கு கிடைக்க வேண்டியதுதான், குடுத்தீங்க, சரி.

ஆனா நடைபாதைல நடக்கறவங்க மூக்கை பொத்திட்டு நடக்கறாங்களே, அதை யாரு பாக்கறது? வாலாங்குளத்து பக்கம் வெயில் ஏறுன பொறவு நின்னு பாருங்க, அந்த நாத்தம் சாக்கடை நாத்தம். குளத்துக்கு நல்ல தண்ணி வர்ற வழி அடைபட்டு கிடக்கு, கழிவு வர்ற வழி மட்டும் வருசம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் திறந்து கிடக்கு. சாக்கடைல சத்து இருக்கறதால ஆகாயத்தாமரை பாய் விரிச்ச மாதிரி மூடுது, காசு போட்டு எடுக்கறீங்க, மறுபடி வளருது, மறுபடி டெண்டரு. தண்ணில காத்து கம்மியாகி மீன் செத்து மிதக்கறது பேப்பர்ல அடிக்கடி வர்ற சேதியா போச்சு. கரை ஓரத்துல சரிவா இருந்த சேறும் கோரையும்தான் பறவைங்களுக்கு இரை தேடற இடம், அந்த இடத்துல கல்லும் கான்கிரீட்டும் வந்தாச்சு, ராத்திரி பூரா கலர் லைட் எரியுது. எங்கப்பா காட்டுன தாழைக்கோழியை என் மகளுக்கு காட்டணும்னா நான் இன்னைக்கு லைட்டே போடாத பக்கமா தேடி கூட்டிட்டு போறேன். தண்ணி வர்ற வாய்க்காலை அடைச்சுட்டு குளத்தங்கரைக்கு செலவு பண்றது வாயை கட்டிட்டு வயித்துக்கு சந்தனம் பூசற மாதிரி இருக்குங்க.

இதுக்கு ஒரு முக்கிய காரணம் உங்க பக்கத்துலயே இருக்கு. 2010ல இந்த குளங்க பொதுப்பணித்துறை கைல இருந்து நகர நிர்வாகத்துக்கு 90 வருச குத்தகைக்கு மாறுச்சு. குளம் ஒரு கைக்கு போச்சு, அதுக்கு தண்ணி கொண்டு வர்ற வாய்க்காலும் அணைக்கட்டும் இன்னொரு கைலயே இருந்துருச்சு. இன்னைக்கு ஒரு குடிமகன் வாய்க்கால்ல சாக்கடை கலக்குதுன்னு சொல்லப்போனா இந்த ஆபீஸ்ல அந்த ஆபீஸுக்கு போங்கறாங்க, அந்த ஆபீஸ்ல எங்களுக்கு ஆளும் இல்லை நிதியும் இல்லைங்கறாங்க. ஸ்லாப் வேலையை பத்தி நான் மனு குடுத்தேன். ரசீது குடுத்தாங்க, போனுக்கு மெசேஜ் வந்துச்சு, உங்க மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டதுன்னு, கொஞ்ச நாள்ல இன்னொரு மெசேஜ், மனு முடித்து வைக்கப்பட்டதுன்னு. என்ன முடிஞ்சுது, யாரு வந்து பாத்தாங்க, ஒண்ணும் தெரியல. அன்னைக்கு சாயங்காலமும் ஸ்லாப் போட்டுட்டுத்தான் இருந்தாங்க.

மூடுனா என்ன ஆகும்னு நாங்க வேற வீதிங்கள்ல பாத்தாச்சு. மொத வருசம் சுத்தமா தெரியும், மேல நாலு வண்டி நிக்கும், ஒரு டிபன் கடை வரும். அடுத்த மழைக்கு உள்ள மண்ணு சேரும், ஸ்லாப்பை தூக்க மிஷின் வேணும், தூக்கலாம்னா மேல கடை. பக்கத்து வீட்டுக்காரங்க ராத்திரியோட ராத்திரியா செப்டிக் டேங்க் குழாயை உள்ள விட்டா வெளிய தெரியாது. அப்புறம் அடைப்பு எடுக்க யாரை இறக்குவீங்க? சாக்கடைக்குள்ளயும் செப்டிக் டேங்குக்குள்ளயும் பாதுகாப்பு இல்லாம மனுசனை இறக்கக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. கொசு போகும்ங்கறதும் சரியில்லை, ஓடற தண்ணில கொசு முட்டை நிக்காது, மூடுன இருட்டுல தேங்கற சாக்கடைலதான் கொசு பெருகும், ஸ்லாப் இடுக்குல இருந்து சாயங்காலம் புகை மாதிரி கிளம்பி வர்றதை மூடுன வீதிக்காரங்க சொல்வாங்க கேட்டுப்பாருங்க. ஒரு மணி நேரம் நல்லா பெய்ஞ்சா லங்கா கார்னர் பாலத்துக்கு அடில பஸ்ஸே முங்கற அளவுக்கு தண்ணி நிக்குது, அவினாசி ரோடு பழைய பாலத்துக்கு அடியிலயும் அதே கதை. இத்தனை கம்மி மழை பெய்யற ஊருல வெள்ளம்னா தண்ணி போற வழி எல்லாம் எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். வெயில் காலத்துல லாரி தண்ணி, மழை காலத்துல வீதில முழங்கால் தண்ணி, ரெண்டையும் ஒரே வீட்டுல இருந்து நாங்க அனுபவிக்கறோம்.

இன்னொன்னும் சொல்லோணும். குளத்துக்கரைல குடியிருந்தவங்களை ஆக்கிரமிப்புன்னு எழுப்புனீங்க. என்கூட முனிசிபல் ஸ்கூல்ல படிச்ச ஒருத்தன் குடும்பம் முத்தண்ணன் குளக்கரைல இருந்துச்சு, அவனுக்கு இப்ப கீரணத்தத்துல வீடு. வீடு குடுத்தீங்க, மறுக்கல. ஆனா அவன் சம்சாரம் வேலைக்கு போன வீடுங்க எல்லாம் ஆர்.எஸ்.புரத்துல, அத்தனை தூரம் ரெண்டு பஸ் மாறி வந்து கட்டுபடி ஆகாம வேலையை விட்டுட்டாங்க, பையன் ஸ்கூல் மாறினான். குளத்துக்காக ஊரு ஓரத்துக்கு போனவங்க அவங்க. அவங்க போன பொறவு குளத்துக்கு நல்ல தண்ணி வந்துச்சான்னு அவன் என்னை கேக்கறான். ஓலைக்குடிசையும் தகர ஷெட்டும் அளந்த அந்த சங்கிலி, வாய்க்கால் மேல ஏறி நிக்கற மூணு மாடி நாலு மாடி கட்டடத்தை அளக்க எங்க பக்கம் வந்ததை நாங்க யாரும் பாக்கல. சட்டம்னா எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கோணுங்க.

இந்த ஊரு மக்களுக்கு அக்கறை இல்லைனு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. 2013ல பெரியகுளம் வறண்டு வெடிச்சு கிடந்தப்ப தூர் வார ஜனங்க வந்ததை நீங்களே பாத்தீங்க. நானும் போனேன். ஐ.டி. கம்பெனி பசங்க, காலேஜ் பொண்ணுங்க, மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆன தாத்தாங்க, கைக்குழந்தையோட வந்தவங்க, எல்லாரும் வரிசையா நின்னு மண்ணு சட்டியை கைமாத்தி கைமாத்தி குடுத்தோம். யாரும் யாரு பேரையும் கேக்கல. மதியம் ஒரு வீட்டுல இருந்து தக்காளி சாதம் அண்டால வந்துச்சு, இன்னொரு வீட்டுல இருந்து மோர். அதுக்கு அப்புறம் மழை வந்து குளத்துல தண்ணி ஏறுனப்ப கரைல நின்னு அழுதவங்களை நான் பாத்தேன். நாங்க கைல அள்ளுன குளம்ங்க அது. அதுக்கு தண்ணி வர்ற வழியை எங்களை கேக்காம மூடறதுக்கு உங்களுக்கு மனசு வரக்கூடாது.

கேக்கறது இதுதான். மொதல்ல, எங்க வீதிக்கு பின்னாடி நடக்கற ஸ்லாப் வேலையை உடனே நிறுத்துங்க, போட்ட ஸ்லாப்பை எடுங்க, கரை உடைஞ்ச இடத்துல மண் கரையோ கருங்கல் கரையோ கட்டி அடில கான்கிரீட் இல்லாம விடுங்க, தண்ணி கொஞ்சமாவது மண்ணுக்குள்ள இறங்கட்டும். கோவைல குளத்துக்கு தண்ணி கொண்டு போற எந்த வாய்க்காலையும் இனிமே மூடறதில்லைனு உத்தரவா போடுங்க, வாய்வார்த்தை வேண்டாம். சித்திரைச்சாவடில இருந்து சிங்காநல்லூர் வரைக்கும் எல்லா வாய்க்காலையும் பழைய சர்வே படத்தை வெச்சு அளந்து, கல்லு நட்டு, அந்த படத்தை ஜனங்க பாக்கற மாதிரி வெளியிடுங்க, எங்க எவ்வளவு அகலம் இருந்துச்சு இப்ப எவ்வளவு இருக்குன்னு எழுதி. ஆக்கிரமிப்பு எடுக்கறதா இருந்தா பெரிய கட்டடத்துல இருந்து ஆரம்பிங்க, குடிசைல இருக்கறவங்களை எடுக்கறதா இருந்தா அவங்க பொழப்பு நடக்கற தூரத்துல வீடு குடுத்த பொறவு எடுங்க.

சாக்கடை விசயத்துல, குளத்துக்குள்ள வர்ற ஒவ்வொரு கழிவு வாயும் எங்க இருக்கு, யாரு பொறுப்பு, எந்த தேதிக்குள்ள அதை பாதாள சாக்கடைக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ திருப்புவீங்கன்னு எழுதி ஒவ்வொரு குளக்கரைலயும் போர்டு வைங்க. கரைல வெச்ச அலங்கார விளக்குக்கு மாசம் ஆகற செலவு வாய்க்கால் தூர் வார ஆகற செலவுன்னு ரெண்டையும் அந்த போர்டுலயே போடுங்க. ஒவ்வொரு குளத்துலயும் ஒரு பக்கக் கரையையாவது லைட்டு, கடை, படகு எதுவும் இல்லாம சேறும் கோரையுமா பறவைங்களுக்கு விட்டுருங்க. தென்மேற்கு பருவமழைக்கு முன்னாடி மே மாசத்துக்குள்ள எல்லா வாய்க்காலும் தூர் வாரி முடிச்சாகோணும், முடிஞ்சுதான்னு பாக்க அந்தந்த பக்கத்து விவசாயிங்க, மீன் புடிக்கறவங்க, குடியிருக்கறவங்கள்ல இருந்து ஆளுங்களை கூப்புடுங்க, ஊதியம் ஒண்ணும் வேண்டாம், நாங்க வர்றோம். குளமும் வாய்க்காலும் அணைக்கட்டும் ஒரே அதிகாரி பொறுப்புல வரட்டும், அவரு பேரும் போன் நம்பரும் ஜனங்களுக்கு தெரியட்டும்.

கடைசியா, இந்த மடலுக்கு மெசேஜ்ல பதில் வேண்டாங்க. எந்த கோரிக்கையை ஏத்துக்கறீங்க, எதை முடியாதுங்கறீங்க, ஏன் முடியாதுங்கறதை கையெழுத்து போட்ட காகிதத்துல குடுங்க, பதில் வர்ற வரைக்கும் அந்த வாய்க்கால் மேல இன்னொரு ஸ்லாப் ஏறக்கூடாது.

இப்படிக்கு,
செல்வபுரத்துல வாய்க்கால் ஓரத்துல குடியிருக்கற ஒருத்தன்